சரளையை இழுப்பது ஜெட், தங்கத்தைப் பிடிப்பது பெட்டி: சிறிய சக்‌ஷன் டிரெட்ஜ் பற்றிய எளிய விளக்கம்

ஆற்றுப் படுகையில் பொழுதுபோக்காகத் தங்கம் அரிப்பவர்கள், அரிதட்டும் மண்வெட்டியுமாகச் சில காலம் பழகிய பிறகு, பெரும்பாலும் சக்‌ஷன் டிரெட்ஜ் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். நீருக்கடியில் கிடக்கும் மணலையும் சரளையையும் தண்ணீரோடு சேர்த்துக் குழாய் வழியாக இழுத்து, மேலே மிதக்கும் சரிவான பெட்டியில் ஓடவிட்டு, அதிலுள்ள தங்கத்தை மட்டும் தேக்கிவைக்கும் சிறிய இயந்திரமே சக்‌ஷன் டிரெட்ஜ். வாங்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி எஞ்சின் எத்தனை எச்.பி. என்பது, அடுத்தது குழாய் எத்தனை அங்குலம் என்பது. இரண்டுமே எவ்வளவு சரளை நகரும் என்பதைப் பற்றியவை. நகர்ந்த சரளையிலிருந்து எவ்வளவு தங்கம் பெட்டியில் நிற்கும் என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. இந்த இயந்திரத்தைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிரெட்ஜ் தங்கத்தைத் தேடித் தரும் கருவி அன்று. இருக்கும் இடம் தெரிந்த பிறகு அங்குள்ள சரளையை வேகமாக அள்ளித் தரும் கருவி. அடிப்பாறையின் வெடிப்புகளிலும், ஆற்று வளைவின் உட்பக்கத்திலும், பெரும் பாறைகளுக்குக் கீழ்ப்புறம் நீரோட்டம் தளரும் இடங்களிலும் அரிதட்டால் மாதிரி எடுத்துப் பார்க்காதவருக்கு, எந்த அளவு இயந்திரமும் வெறும் சரளையைத்தான் இடம் மாற்றித் தரும்.

பம்புக்குள் சரளை போவதில்லை

பம்பு சரளையை உறிஞ்சி மறுபக்கம் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடந்தால் பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லர் சீக்கிரமே தேய்ந்தும் உடைந்தும் போகும். உண்மையில் பம்பு எடுப்பது ஆற்றின் தெளிந்த நீரை மட்டுமே. வலைக்கூடை பொருத்திய ஃபுட்வால்வு (நீரை உள்ளே மட்டும் விட்டுத் திரும்பவிடாத அடைப்பு) வழியாக நீரை எடுத்து, அழுத்தக் குழாய் வழியாக அனுப்பி, குறுகிய வாயுள்ள ஓர் உலோகத் துண்டின் வழியாகச் சரளைக் குழாய்க்குள் பீய்ச்சுகிறது. இப்படி வேகமாகப் பீய்ச்சப்படும் நீர்த்தாரையை ஜெட் என்கிறோம். சரளையை இழுக்கும் வேலை முழுவதும் ஜெட்டினுடையது.

வேகமாகப் போகும் பேருந்தின் பின்னால் சாலையோரச் சருகுகள் சிறிது தூரம் கூடவே ஓடுவதைப் பார்த்திருப்போம். பேருந்து அவற்றைத் தொடுவதில்லை. அது தன்னை ஒட்டிய காற்றைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அந்தக் காற்று சருகுகளை இழுக்கிறது. ஜெட்டும் இதையே செய்கிறது. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாயும் நீர்த்தாரை, குழாயில் மெதுவாக இருக்கும் நீரோடு உரசிக் கலந்து, தன் உந்தத்தை அதற்குப் பகிர்ந்து கொடுக்கிறது. உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. கலந்த நீர் முன்னோக்கி ஓட, ஜெட்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப வெளியிலிருக்கும் ஆற்று நீர் குழாய் வாய்க்குள் பாய்கிறது; பாயும் நீர் சரளையையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

இதைப் புரிந்துகொண்டால் சொந்தமாகக் கட்டுபவர்கள் செய்யும் ஒரு பிழையைத் தவிர்க்கலாம். குழாயைக் குறுக்கினால் அழுத்தம் குறையும் என்று பள்ளியில் படித்ததை வைத்து, சரளை செல்லும் பாதையையே சிலர் குறுக்கிவிடுகிறார்கள். அங்கே கல் சிக்குவதைத் தவிர வேறு பயன் இல்லை. குறுக வேண்டியது ஜெட்டின் வாய் மட்டுமே. ஜெட் கலக்கும் இடத்துக்குப் பின்னால் குழாய் வளைவில்லாமல் சிறிது தூரம் நேராக ஓட வேண்டும். ஜெட்டின் திசை குழாயின் நடுக்கோட்டோடு கூடியமட்டும் ஒத்திருக்க வேண்டும். சாய்வாகப் பொருத்திய ஜெட், தன் உந்தத்தின் ஒரு பகுதியைக் குழாயின் எதிர்ச்சுவரில் மோதியே இழந்துவிடும்.

ஆழம் அல்ல, உயரமே சுமை

ஆழத்திலிருந்து இழுப்பதுதான் கடினம் என்பதும் பரவலான எண்ணம். நீருக்கடியில் உள்ள குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர் இருக்கிறது. வெளியே உள்ள நீரின் அழுத்தமே குழாய்க்குள் இருக்கும் நீரை ஆற்று மட்டம் வரை தூக்கி நிறுத்திவிடும். ஆகவே மட்டத்துக்குக் கீழே ஜெட் சுமக்க வேண்டியது, சரளை கலந்ததால் ஏற்படும் கூடுதல் எடையையும் குழாயின் உராய்வையும் மட்டும்தான். மட்டத்துக்கு மேலே அந்த உதவி கிடையாது. கலவையின் முழு எடையையும் ஜெட்தான் தூக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். குழாயில் பத்தில் ஒரு பங்கு சரளையும் மீதி நீருமாக வந்தால், அந்தக் கலவை நீரைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு கனமானது. 2 மீட்டர் ஆழத்திலிருந்து அதை ஆற்று மட்டம் வரை கொண்டுவர, உராய்வை விட்டுவிட்டால், சுமார் 33 சென்டிமீட்டர் நீர்த்தூணுக்குச் சமமான அழுத்தம் போதும். அதே கலவையை ஆற்று மட்டத்துக்கு மேல் வெறும் 30 சென்டிமீட்டர் தூக்க 35 சென்டிமீட்டர் நீர்த்தூணுக்குச் சமமான அழுத்தம் வேண்டும். பெட்டியை ஓர் அடி உயர்த்துவதும், குழாயை 2 மீட்டர் கூடுதல் ஆழத்தில் இறக்குவதும் ஏறத்தாழ ஒரே செலவு. பெட்டியை மிதவையில் எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைப்பது, எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட மலிவான வழி.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பம்பு தெளிந்த நீரை ஜெட்டுக்குத் தருகிறது, ஜெட் தன் உந்தத்தால் குழாயில் ஓட்டத்தை உண்டாக்குகிறது, அந்த ஓட்டத்தின் பெரும் எதிரி ஆற்று மட்டத்துக்கு மேலுள்ள உயரம்.

அங்குலக் கணக்கும் கல் சிக்குவதும்

டிரெட்ஜின் அளவை அதன் சரளைக் குழாயின் உள்விட்டத்தால் குறிப்பிடுகிறார்கள். பொழுதுபோக்குக்கானவை பெரும்பாலும் 2 அங்குலத்திலிருந்து 4 அங்குலம் வரை இருக்கும். 4 அங்குலக் குழாய் 2 அங்குலத்தைப் போல் இரு மடங்கு என்று எண்ணக் கூடாது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கமாக வளர்வதால், அது நான்கு மடங்கு. 5 சென்டிமீட்டர் அளவுள்ள கல் நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் கீழே விழும் என்பதால், அதைத் தடையின்றி மேலே கொண்டுவரக் குழாயில் விநாடிக்கு 2 மீட்டர் ஓட்டமாவது இருப்பது நல்லது. அந்த வேகத்தில் 2 அங்குலக் குழாய்க்கு நிமிடத்துக்கு 240 லிட்டர், 2.5 அங்குலத்துக்கு 380 லிட்டர், 4 அங்குலத்துக்கு 970 லிட்டர் நீர் ஓட வேண்டும். குழாயை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டுப் பழைய பம்பையே வைத்துக்கொள்பவருக்கு வேகம் குறைந்து, கற்கள் பாதி வழியில் படுத்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரத்தில் இத்தனை கன அளவு சரளை என்று விளம்பரங்களில் வருவது, தளர்ந்த, ஒரே அளவான சரளையை இடைவிடாமல் ஊட்டினால் கிடைக்கும் உச்ச அளவு. உண்மையான படுகையில் குழாய்க்குள் போகாத கற்களைக் கையால் ஒதுக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

புதியவரின் பொறுமையை அதிகம் சோதிப்பது குழாயில் கல் சிக்குவதுதான். உருண்டைக் கல் சிக்குவது குறைவு. நீளமான தட்டைக் கல் நேராக உள்ளே நுழைந்து, வளைவில் திரும்பி, குறுக்காக நின்றுவிடும். பின்னால் வரும் இரண்டாவது கல் அதன் இடுக்கில் ஆப்பாக இறங்கும். அதற்கு மேல் மணல் அடைத்ததும் ஓட்டம் நின்றுபோகும். இதற்காகவே குழாயின் நுனியில் உள்ள உலோக நாசிலில், உள்விட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த வளையம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். வளையத்தைத் தாண்டிய கல் மற்ற எல்லா இடங்களையும் தாண்டிவிட வேண்டும் என்பதே விதி. ஒளி ஊடுருவும் குழாயாக இருந்தால் அடைப்பு எங்கே என்று கண்ணாலேயே கண்டு, ரப்பர் சுத்தியலால் தட்டி விடுவிக்கலாம். உட்புறம் வழவழப்பாக உள்ள குழாயே வேண்டும்; வரிவரியாக மடிப்புள்ள குழாய் மலிவாகக் கிடைத்தாலும் ஒவ்வொரு மடிப்பும் ஓட்டத்தின் வேகத்தைத் தின்னும்.

ஜெட்டை வைக்கும் இடத்தில் இரண்டு முறைகள் உண்டு. நாசிலிலேயே ஜெட்டை வைத்தால், முழங்கால் அளவு நீரில் நாசில் அடிக்கடி வெளியே வந்தாலும் மீண்டும் உடனே வேலை செய்யும். ஆனால் கையில் இரண்டு குழாய்கள் பிடித்துத் திரிய வேண்டும், இழுவையும் சற்றுக் குறைவு. பெட்டியின் அருகில் ஜெட்டை வைத்தால் இழுவை நன்றாக இருக்கும், நாசிலும் கையில் இலகுவாக இருக்கும். ஆனால் நாசில் நீரை விட்டு வெளியே வந்தால் காற்று ஏறி ஓட்டம் அறுந்துவிடும். ஆழமற்ற ஓடைக்கு முதல் முறை, இடுப்பளவுக்கு மேற்பட்ட நீருக்கு இரண்டாவது முறை.

பம்பின் மேல் ஒட்டியிருக்கும் இரண்டு எண்கள்

பம்பின் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனை மீட்டர் உயரத்துக்கு நீரைத் தள்ளும் என்பதைச் சொல்லும் ஹெட், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைச் சொல்லும் ஓட்டம். 30 மீட்டர் ஹெட், 500 லிட்டர் ஓட்டம் என்று எழுதியிருந்தால், 30 மீட்டர் உயரத்துக்கு 500 லிட்டர் தள்ளும் என்று பொருளல்ல. 30 மீட்டரில் ஓட்டம் ஏறத்தாழ சுழி. 500 லிட்டர் ஓடும்போது ஹெட் ஏறத்தாழ சுழி. நமக்குக் கிடைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை முடிவு செய்வது ஜெட்டின் வாய் அளவு.

உதாரணமாக ஒரு பம்பு 20 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 240 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் ஹெட்டிலிருந்து வெளிப்படும் நீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். விநாடிக்கு 4 லிட்டர் அந்த வேகத்தில் வெளியேற, ஜெட்டின் வாய் 1.6 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் போதும். வாயைப் பெரிதாக்கினால் ஓட்டம் கூடி வேகம் விழும். சிறிதாக்கினால் வேகம் கூடி நீரின் அளவு குறையும். இந்த நீரோட்டத்தின் திறன் சுமார் 800 வாட். சிறிய பம்புகள் எஞ்சின் தரும் திறனில் பாதியளவையே நீருக்குக் கொடுக்கும் என்று கொண்டால், 2 எச்.பி.க்குச் சற்று மேற்பட்ட எஞ்சின் இதற்கு வேண்டும். 2.5 அங்குல டிரெட்ஜ் ஒன்றுக்கு இது பொருத்தமான அளவு.

படகில் தேங்கும் நீரை வெளியேற்றும் 12 வோல்ட் பம்புகளைக் கொண்டு டிரெட்ஜ் கட்ட முயல்பவர்களுக்கும் இதே கணக்கு விடை தரும். அவை நிறைய நீரைத் தரும். ஆனால் ஹெட் சில மீட்டர்தான். 3 மீட்டர் ஹெட்டில் ஜெட்டின் வேகம் விநாடிக்கு 8 மீட்டரைக்கூட எட்டாது. பெட்டிக்கு நீர் விடுவதற்கு அவை நல்ல பம்புகள், ஜெட்டுக்கு ஆகாது.

தங்கத்தைப் பிடிப்பது பெட்டிதான்

என் கருத்தில் ஒரு டிரெட்ஜை மதிப்பிடத் தொடங்க வேண்டிய இடம் எஞ்சின் அல்ல, அதன் மறுமுனையில் உள்ள ஸ்லூயிஸ் பெட்டி. சரிவான, திறந்த, நீளமான தொட்டி அது. அடியில் விரிப்பும், அதன் மேல் குறுக்காக ரிஃபிள் எனப்படும் தாழ்ந்த தடுப்புச் சட்டங்களும் இருக்கும்.

பெட்டி வேலை செய்வது எடை வேறுபாட்டால். ஒரு பொருள் அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதை ஒப்படர்த்தி என்கிறோம். தங்கத்துக்கு 19.3, சாதாரண வெண்கல்லான குவார்ட்ஸுக்கு 2.65, கருமணலில் உள்ள மேக்னடைட்டுக்குச் சுமார் 5.2. காற்றில் தங்கம் குவார்ட்ஸைவிட ஏழு மடங்கு கனம். நீருக்குள்ளோ ஒவ்வொன்றும் தான் விலக்கிய நீரின் எடையை இழப்பதால், கணக்கு 18.3-க்கு 1.65 என்றாகி, வேறுபாடு பதினொரு மடங்காக விரிகிறது. இத்தனை பெரிய வேறுபாடு இருப்பதால்தான், இவ்வளவு எளிய பெட்டியால் தங்கத்தைப் பிரிக்க முடிகிறது.

ரிஃபிளைத் தாண்டி விழும் நீர் அதன் பின்புறத்தில் ஒரு சிறு சுழலாகச் சுற்றுகிறது. சுழல் லேசான மணலைக் கிளறி மேலே தூக்கி ஓட்டத்தில் விட்டுவிடுகிறது. கனமானது கீழே இறங்கி விரிப்புக்குள் புதைகிறது. நன்றாக ஓடும் பெட்டியை நீருக்கு மேலிருந்து பார்த்தால், ஒவ்வொரு ரிஃபிளின் பின்னாலும் கருமணல் ஒரு மெல்லிய பட்டையாகத் தங்கி, விடாமல் அசைந்துகொண்டிருப்பது தெரியும். சட்டத்தின் மேல் விளிம்பு மூடப்படாமல் வெளியே நிற்கும். மணல் அசையாமல் சட்டங்களை மூடி இறுகிவிட்டால் சரிவு போதவில்லை, அல்லது சரளையை அவசரமாக ஊட்டுகிறோம். அப்போது தங்கம் அந்தக் கெட்டித் தரையின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். சட்டங்களின் பின்னால் ஒன்றுமே தங்காமல் விரிப்பு பளிச்சென்று தெரிந்தால் ஓட்டம் மிஞ்சிவிட்டது. ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலச் சரிவு, அதாவது மீட்டருக்குச் சுமார் 8 சென்டிமீட்டர், என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. அங்கிருந்து பார்த்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் ஓடுவது குழாயில் வரும் நீர் மட்டும் அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜெட்டின் நீரும் அதோடு சேர்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் குழாயின் 380 லிட்டரும் ஜெட்டின் 240 லிட்டரும் சேர்ந்து, நிமிடத்துக்கு 620 லிட்டர் பெட்டியில் பாயும். இழுவை கூட்ட வேண்டும் என்று எஞ்சினை மாற்றும்போது இந்த மொத்தமும் கூடுகிறது. பெட்டியின் அகலம் மாறாமல் இருந்தால் ஓட்டம் ஆழமாகவும் வேகமாகவும் ஆகி, தகடுபோல் மெலிந்த நுண்தங்கம் முதலில் தப்பிக்கும். தட்டையான துகள் அதே எடையுள்ள உருண்டையைவிட மெதுவாக இறங்குவதால், இழப்பு எப்போதும் அங்கேதான் தொடங்குகிறது.

குழாயிலிருந்து வரும் வேகமான ஓட்டம் பெட்டிக்குள் நுழையும் முன் விரிந்து தணிவதற்கு அகன்ற முகப்பு ஒன்று வேண்டும். பெரிய கற்களை மேலே ஓடவிட்டு, சிறு துகள்களை மட்டும் அமைதியான அடித்தட்டுக்கு இறக்கும் துளைத் தகடு இருந்தால் நுண்தங்கம் நிற்கும் வாய்ப்பு கூடும். முட்டைக் கல் உருண்டு போகும் ஓட்டத்தில் பொடித் தங்கத்தை நிறுத்த நினைப்பது நடவாத காரியம். இரண்டையும் பிரிப்பதே வழி.

சுருக்கமாக: சரிவு, அகலம், ஊட்டும் வேகம் மூன்றும் ஓட்டத்தோடு பொருந்தியிருக்கும் பெட்டியே தங்கத்தைப் பிடிக்கும். மற்ற உறுப்புகள் எல்லாம் அதற்குச் சரளை கொண்டுவந்து தருபவை.

சட்டமும் பாதரசமும்

பணம் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, நாம் இறங்க நினைக்கும் ஆற்றில் இதற்கு அனுமதி உண்டா என்பது. பொழுதுபோக்கு டிரெட்ஜ் மிகவும் பரவியிருந்த அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2009-இல் சட்டம் மூலம் இது நிறுத்திவைக்கப்பட்டது. மாநிலம் அப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று அதன் உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. ஓரிகன் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டம், சால்மன் மீன்களுக்கு முக்கியமான ஆறுகளில் எஞ்சின் வைத்து அள்ளுவதைத் தடுக்கிறது. நியூசிலாந்தில் பொதுமக்கள் தங்கம் அரிக்க ஒதுக்கப்பட்ட பகுதிகளில் கைக்கருவிகளுக்கு மட்டுமே இடம்.

இந்தத் தடைகளுக்குக் காரணம் இருக்கிறது. மீன்கள் சரளைக்குள் முட்டையிடுகின்றன. கிளறிய வண்டல் அந்த முட்டைகளின் மேல் படிந்து மூச்சை அடைக்கும். பழைய தங்கச் சுரங்கப் பகுதிகளின் ஆற்றுப் படுகைகளில், தங்கத்தைப் பிரிக்க அக்காலத்தில் பயன்படுத்திச் சிந்திய பாதரசம் இன்னும் கிடக்கிறது. அதன் ஒப்படர்த்தி 13.5 என்பதால் பெரும்பகுதி பெட்டியில் தங்கினாலும், உடைந்து சிதறும் நுண்துளிகள் நீரோடு போய்விடுகின்றன. அவை மெத்தில் பாதரசம் என்ற நச்சுச் சேர்மமாக மாறி மீன்களின் உடலில் சேரும். பெட்டியில் பாதரசம் ஒட்டி வெள்ளிபோல் பூசிய தங்கம் தென்பட்டால், அங்கே வேலையை நிறுத்திவிடுவதே முறை. அதை வீட்டில் சூடாக்கிப் பிரிப்பது உயிருக்கு ஆபத்து.

வாங்குவதா, கட்டுவதா

புதியவருக்கு 2.5 அங்குலத்தைப் பரிந்துரைப்பேன். 2 அங்குலம் சுமக்க எளிது, மாதிரி எடுக்கப் போதும். ஆனால் கல் சிக்குவது அதிகம். 4 அங்குலம் அள்ளும் அளவு கண்ணைப் பறிக்கும். அதைத் தூக்கிச் செல்ல ஆட்கள் வேண்டும், எரிபொருளும் கூடும், அனுமதி கிடைப்பதும் கடினம்.

சொந்தமாகக் கட்ட விரும்புபவர் பெட்டியையும் மிதவையையும் சட்டகத்தையும் தாமே செய்துகொள்ளலாம். ஜெட்டையும் நாசிலையும் ஆயத்தமாக வாங்குவது நல்லது. வெல்டிங்கில் கோணப் பிழை நேர்ந்தால் இழுவை குறையும். இணைப்புகளில் காற்று புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மயிரிழை ஓட்டைகூட ஜெட்டின் முயற்சியைக் காற்றில் வீணாக்கும். பம்பை நீர் நிரப்பாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. உள்ளே உள்ள சீல் நீரால்தான் குளிர்கிறது, வறண்டு ஓடினால் சிறிது நேரத்திலேயே கருகிவிடும்.

ஆற்றில் இறக்கும்போது

டிரெட்ஜ் வேலையில் உயிரைப் பறிக்கக்கூடிய தவறு, பெரிய பாறையின் அடியில் இருக்கும் சரளையை அள்ளிக்கொண்டே போவது. பாறையைத் தாங்கியிருந்தது அந்தச் சரளைதான். தனியாக வேலை செய்யக் கூடாது என்பதற்கும் முதல் காரணம் இதுவே. எஞ்சினோடு இணைந்த காற்றுக் கம்ப்ரசரால் நீருக்கடியில் மூச்சு விடும் முறையைப் புதியவர்கள் பயிற்சியின்றித் தொடவே வேண்டாம். எஞ்சின் புகை காற்று எடுக்கும் வாய்க்குள் புகுந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு எச்சரிக்காமல் மயக்கும்.

பெட்டியைச் சோதிக்க ஆறு தேவையில்லை. பெரிய தொட்டி ஒன்றில், சிறு ஈயக் குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, எண்ணி, மணலோடு கலந்து பெட்டியில் ஓடவிட்டு, எத்தனை தங்கின என்று மீண்டும் எண்ணலாம். ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3 தான், அதைப் பிடிக்கும் பெட்டி அதே அளவும் வடிவும் உள்ள தங்கத்தை உறுதியாகப் பிடிக்கும். ஈயம் நஞ்சு என்பதால் இதை ஆற்றில் செய்யக் கூடாது, தொட்டி மணலையும் வெளியே கொட்டக் கூடாது. ஆற்றில் இறங்கிய பிறகு பெட்டியை மூன்று பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கழுவிப் பார்க்க வேண்டும். தங்கத்தின் பெரும்பகுதி முதல் பகுதியில் இருக்க வேண்டும். கடைசிப் பகுதியிலும், பின்னால் விழும் கழிவுச் சரளையை அரிதட்டில் அலசும்போதும் தங்கம் தெரிந்தால், முதலில் நாசிலைச் சரளையில் புதைக்காமல் மெதுவாக ஊட்டிப் பார்க்கவும். அது பலன் தராவிட்டால் எஞ்சின் வேகத்தைக் குறைக்கவும். அதன் பிறகே சரிவை மாற்றவும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.